நாக்கு கற்றுக்கொண்ட கசப்பு

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டிப் போனால் வேலப்பன்சாவடி. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ஷிப்டு வேலைக்குக் கிளம்பியவர்கள், கோயம்பேட்டில் காய்கறி இறக்கிவிட்டு பெங்களூர்ப் பக்கம் திரும்பும் லாரிக்காரர்கள் எல்லோரும் தோளோடு தோள் நிற்கும் இடம் இங்குள்ள டீக்கடைகள்தான். “மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ.” “எனக்குக் காபி, சர்க்கரை கம்மி.” ஒரே கடை, ஒரே பால், ஒரே பாய்லர். ஆனால் டீ கேட்பவர் வருடக்கணக்காக டீதான் கேட்கிறார்; காபிக்காரர் காபியை விடுவதில்லை. ஏன் என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “எனக்கு அதுதான் பிடிக்கும்.”

அந்தப் பிடித்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் அறிவியல் நிறையக் கண்டுபிடித்திருக்கிறது. நாக்குக்கு இதில் உள்ள பங்கு நாம் நம்புவதைவிடச் சிறியது. மூளையும் ஈரலும் வேலை நேரமும் நம் பாட்டன் காலத்து வரலாறும் சேர்ந்துதான் அந்த கிளாஸைக் கையில் கொடுக்கின்றன.

வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். தமிழர்களுக்குக் காபியும் டீயும் பழைய பானங்கள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகுதான் அவை வீடுகளுக்குள் நுழைந்தன. காபி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். கடல் தாண்டி, இலங்கையில், காபியின் இடத்துக்கு டீயைக் கொண்டுவந்தது ஒரு பூஞ்சை. 1869இல் அங்குள்ள காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற அந்தப் பூஞ்சை, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காபித் தொழிலையே துடைத்துவிட்டது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் கண்டிப் பக்கம் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காபி பறிக்கப் போன தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை கொழுந்து பறித்தது.

இந்தியாவுக்குள்ளே டீ பரவியது விலையால். 1930களின் பெருமந்தத்தில் ஏற்றுமதி சரிந்தபோது, தேயிலைத் தொழில் உள்ளூர் மக்கள் பக்கம் திரும்பியது. ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டி, இலவசமாகக் குடிக்கக் கொடுத்துப் பழக்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 1930இல், அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் ஒரு இயந்திரத்தை உருவாக்கினார். எதிரெதிராகச் சுழலும் பல்லுருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளும் இயந்திரம் அது. சிடிசி என்று நாம் சொல்லும் குருணைத் தேயிலை இதில்தான் பிறந்தது. இலை சிறு குருணையாகும்போது வெந்நீர் படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. கொஞ்சம் தூள் போட்டாலே நிமிடத்தில் சாயம் இறங்கி, பாலையும் தாண்டி நிறம் காட்டும். காபிக் கொட்டையை வறுத்து, அரைத்து, ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக டிகாஷன் இறக்கும் வேலை நெடுஞ்சாலைக் கடைக்கு ஒத்துவராது. இன்றும் சாலையோரக் கடைகளில் காபி டீயைவிடச் சில ரூபாய் கூடுதல்தான். லாரிக்காரர் டீ குடிப்பதற்கு முதல் காரணம் அவர் நாக்கு அல்ல. அவர் நிற்கும் கடையின் கணக்கு.

சரி, கையில் கிடைத்ததைக் குடிக்கிறோம். அது பிடித்துப்போவது எப்படி? இதில்தான் ஒரு புதிர் இருக்கிறது. இரண்டுமே கசப்பு. கசப்பு என்பது இயற்கை நமக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை. தாவரங்களின் நஞ்சுகளில் பல கசக்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பை வைத்தால் முகம் மலரும், கசப்பை வைத்தால் சுளிக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காத அறிவு அது. காபி, டீயில் உள்ள கஃபீன்கூட தாவரம் தனக்காகச் செய்துகொண்ட பூச்சிக்கொல்லிதான். 2014இல் காபிச் செடியின் மரபணுத் தொகுப்பைப் படித்து முடித்தபோது, காபிச் செடியும் தேயிலைச் செடியும் கஃபீன் தயாரிக்கும் வழியை ஒன்றிடமிருந்து ஒன்று பெறாமல் தனித்தனியாகவே கண்டடைந்திருக்கின்றன என்று தெரியவந்தது. பரிணாமத்தின் வெவ்வேறு கிளைகளில் நின்ற இரண்டு செடிகள் ஒரே மூலக்கூறை வந்தடைந்தன. அந்த மூலக்கூறுக்காகவே மனிதன் இரண்டையும் மலை மலையாக நட்டான்.

கஃபீன் மூளையில் என்ன செய்கிறது என்பது இப்போது நன்றாகத் தெரியும். விழித்திருக்கும் நேரமெல்லாம், மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க, அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் போய் அமர்ந்தால் மூளையின் வேகம் குறைந்து தூக்கம் வரும். கஃபீன் உருவத்தில் அடினோசினை ஒத்திருப்பதால் அதே ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தூங்கச் சொல்லும் சேதியை அனுப்புவதில்லை. நெரிசலான பஸ்ஸில் ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். அடினோசின் ஏறி வந்து பார்த்தால் உட்கார இடமில்லை. ஆனால் அது இறங்கிப் போய்விடுவதில்லை. நின்றுகொண்டே இருக்கிறது, கூட்டமும் கூடிக்கொண்டே இருக்கிறது. துண்டை எடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். நாலு மணி டீ ஆறரைக்கு இறங்கும்போது ஒரு தளர்ச்சி வருகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டம்தான். கஃபீன் களைப்பைத் தள்ளிவைக்கிறது. களைப்பை நீக்குவது தூக்கம் மட்டும்தான்.

தினமும் குடிப்பவரின் மூளை இதற்கு ஈடுகட்டிக்கொள்கிறது. அப்படிப் பழகிய உடலுக்கு கஃபீன் கிடைக்காவிட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கும். ஒரு வாரம்வரை நீடிக்கலாம். விரத நாளில் வரும் தலைவலிக்குப் பசியை மட்டும் குறை சொல்கிறோம். காலை காபி தவறியதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

பிடித்தம் உருவாகும் இடமும் இதுவே. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் யோமன்ஸ் குழுவினர் 1990களில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். வழக்கமாகக் காபி, டீ குடிப்பவர்களை இரவு முழுக்க அதைத் தொடாமல் இருக்கச் செய்து, காலையில் அவர்கள் அதுவரை ருசித்திராத ஒரு மணமுள்ள பானத்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு அதில் கஃபீன் இருந்தது, சிலருக்கு இல்லை. எதில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நாட்கள் போகப் போக, கஃபீனோடு அந்த மணத்தைக் குடித்தவர்களுக்கு அது பிடிக்கத் தொடங்கியது. கஃபீன் இல்லாமல் குடித்தவர்களுக்கு அதே மணத்தின் மேல் விருப்பம் குறைந்தது. தங்களுக்கு எதனால் பிடித்தது என்று அவர்களுக்கே தெரியாது. தலைபாரத்தை எது போக்கியதோ அதன் மணத்தை மூளை நல்லது என்று குறித்துக்கொண்டது.

இந்தச் சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வாழ்க்கையில் முதன்முதலாகக் களைப்பைப் போக்கிய பானம் எதுவோ அதன் மணத்தோடு உடல் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. வீட்டில் விடியற்காலை டிகாஷன் மணம் வந்த பிள்ளைக்குக் காபி, தறியோ லேத்தோ ஓட்டும் அப்பாவோடு கடைக்குப் போய் நின்ற பிள்ளைக்கு டீ. கஃபீன் ரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் முதல் மடக்கு உள்ளே போனதுமே நமக்குக் கண் திறந்துவிடுகிறது. சூடும் சர்க்கரையும் அதற்கு உதவுகின்றன. மற்றதை வரப்போவது தெரிந்த மூளை முன்கூட்டியே செய்துவிடுகிறது.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு, சிறிதளவு. 1931இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு தூளைக் கொட்டியபோது அது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் கசக்கிறது என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே நாக்கு இல்லை என்பதை உலகம் கற்றுக்கொண்ட தருணம் அது. மனிதனுக்குக் கசப்பு ஏற்பிகள் சுமார் 25 வகை உண்டு. ஒவ்வொன்றின் மரபணுவும் ஆளுக்கு ஆள் சற்று மாறும்.

2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிரிட்டனில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவையும் அவர்கள் குடிக்கும் பானங்களையும் ஒப்பிட்டது. முடிவு எதிர்பாராதது. கஃபீனின் கசப்பை அதிகமாக உணரும் மரபணு உள்ளவர்கள் காபியை விலக்கவில்லை, கூடுதலாகக் குடித்தார்கள். டீயைக் குறைவாகக் குடித்தார்கள். கொய்னாவின் கசப்பு போன்ற வேறு கசப்புகளை அதிகம் உணர்பவர்கள் டீ பக்கம் சாய்ந்தார்கள். கசப்பு என்ற எச்சரிக்கையை மூளை பரிசுக்கான அடையாளமாக மாற்றி எழுதிக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். வேறுபாட்டின் அளவும் சிறியது. வேலப்பன்சாவடிக்காரரின் கிளாஸை அந்த மரபணுக்களைக் கொண்டு கணிக்க முடியாது.

நாக்கின் மரபணுவைவிட ஈரலின் மரபணு வலுவானது. உடலுக்குள் போன கஃபீனில் பெரும்பகுதியை உடைப்பது ஈரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற ஒரே நொதி. அது சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். சராசரியாக, குடித்த கஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு 100 மில்லிகிராம் கஃபீன் உள்ள காபி குடித்தால், இரவு 10 மணிக்கு 50 மில்லிகிராம் மிச்சம். விடியற்காலை 3 மணிக்குக்கூட 25 மில்லிகிராம் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மெதுவான ஈரல் உள்ளவருக்கு இன்னும் அதிகம். “ராத்திரி பத்து மணிக்குக் காபி குடிச்சாலும் எனக்குத் தூக்கம் வரும்” என்று சிலர் சொல்வதும், “மூணு மணிக்கு மேல தொட்டா அவ்வளவுதான்” என்று சிலர் சொல்வதும் இரண்டுமே உண்மை. கஃபீனை வேகமாக உடைக்கும் மரபணு உள்ளவர்களே பால் கலக்காத கடுங்காப்பியை விரும்புகிறார்கள் என்று 2021இல் மர்லின் கார்னலிஸ் கண்டறிந்தார். சுவை மரபணுவைக் கொண்டு இதை விளக்க முடியவில்லை.

கர்ப்பிணிகளுக்கு இந்த நொதி வெகுவாகத் தளர்ந்துவிடும். கடைசி மாதங்களில் கஃபீன் வெளியேற இரண்டு, மூன்று மடங்கு நேரம் ஆகும். புகை பிடிப்பவர்களுக்கு நேர்மாறு. புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் இந்த நொதியைத் தூண்டிவிடுவதால் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் கரைந்துபோகிறது. டீயும் சிகரெட்டுமாகப் பழகிய ஒருவர் சிகரெட்டை விட்டால், வழக்கமாகக் குடிக்கும் அதே டீ அவர் ரத்தத்தில் இரு மடங்கு கஃபீனாக நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் வரும். “சிகரெட்டை விட்டதால்தான் இப்படி” என்று அவர் மறுபடியும் பற்றவைத்துவிடுகிறார். புகையை விடுகிறவர்கள் அந்த வாரமே டீ, காபியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் எவ்வளவோ பேர் தப்புவார்கள்.

‘காபிதான் ஸ்ட்ராங்’ என்பது பாதி உண்மை. எடைக்கு எடை பார்த்தால் அராபிகா கொட்டையில் கஃபீன் ஒன்றரை சதவீதத்துக்குள். தேயிலையில் சுமார் மூன்று சதவீதம். ஆனால் ஒரு கிளாஸுக்கு நாம் போடும் தேயிலை குறைவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 150 மில்லிலிட்டர் வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அது. நம் ஊர் ஃபில்டர் காபிக் கணக்கில் சிக்கரியும் சேரும். சிக்கரி வேரில் கஃபீன் அறவே கிடையாது. கலப்புத் தூளில் 49 சதவீதம்வரை அதைச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. பாக்கெட்டில் சதவீதம் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி சிக்கரி உள்ள காபிக்கும் கொதிக்கக் கொதிக்கப் போட்ட ஸ்ட்ராங் டீக்கும் கஃபீனில் பெரிய இடைவெளி இருக்காது.

டீயில் மட்டும் தியனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அதனால் டீ மனதை அமைதியாக வைக்கும் என்று இப்போது நிறையப் பேச்சு. அந்தப் பொருள் இருப்பது உண்மை. கஃபீனோடு சேர்ந்து கவனத்தைக் கூர்மையாக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதும் உண்மை. ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம் என்று கொடுக்கிறார்கள். ஒரு கிளாஸ் கடை டீயில் அவ்வளவு கிடையாது.

டீயைத் தனித்துக் காட்டுவது துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக நம் முன்னோர் வைத்த துவர்ப்பை இன்றைய உடலியல் பெரும்பாலும் தொடு உணர்வு என்கிறது. தேயிலையின் பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள வழுவழுப்பான புரதங்களோடு ஒட்டித் திரண்டுவிடுவதால் வாய் வறண்டு இழுக்கிறது. பால் ஊற்றினால் பாலின் கேசின் புரதம் முந்திக்கொண்டு அந்தப் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்கிறது; எச்சில் தப்பிக்கிறது. பல்லில் கறை படிவதும் இதனால் குறையும். பால் டீ பிடிக்கும், வரட்டீ பிடிக்காது என்பவர்கள் உண்மையில் துவர்ப்பிலிருந்து தள்ளி நிற்கிறார்கள்.

நெடுஞ்சாலைக்குத் திரும்புவோம். நள்ளிரவில் லாரியை ஓரங்கட்டி டீ குடிப்பது உயிரைக் காக்குமா? ஆஸ்திரேலியாவில் நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், விழித்திருக்க கஃபீன் எடுத்துக்கொண்டவர்களுக்கு விபத்துக்கான வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட 63 சதவீதம் குறைவாக இருந்தது. அதைவிட நல்ல வழியை லவ்பரோ பல்கலைக்கழகத்தார் 1997இலேயே சோதித்திருக்கிறார்கள். டீயோ காபியோ குடித்துவிட்டு உடனே பதினைந்து நிமிடம் சீட்டிலேயே கண்ணயர வேண்டும். அந்தக் குட்டித் தூக்கத்தில் அடினோசின் கொஞ்சம் குறையும். எழும்போது கஃபீன் மூளைக்கு வந்து சேர்ந்திருக்கும். இரண்டும் சேரும்போது ஒன்று தருவதைவிட அதிகப் பலன். ஆனால் இரவெல்லாம் விழித்தவருக்கு இது அடுத்த ஊர்வரை போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். தூக்கக் கடனை எந்தக் கடை டீயும் அடைக்காது.

டீயா காபியா என்ற கேள்வியில் உடல்நலக் கட்சி கட்டுவதற்கு அதிக இடமில்லை என்பது என் முடிவு. 1991இல் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்த காபியை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அதிலிருந்து விடுவித்துவிட்டது. அதே கூட்டத்தில், 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அறிவித்தது. எதைக் குடித்தாலும் டபராவில் நாலு தடவை ஆற்றிக் குடிப்பதற்கு இது போதுமான காரணம்.

எனக்கு உள்ளபடியே கவலை தருவது இன்னொன்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவர். கீரையிலும் பருப்பிலும் ராகியிலும் உள்ள இரும்புச்சத்தை டீ, காபியின் பாலிஃபீனால்கள் குடலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். உணவோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது 64 சதவீதமும், காபி குடித்தால் 39 சதவீதமும் குறைந்ததாக 1983இல் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் இந்தப் பாதிப்பு இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டு போகும் பெண்கள் எத்தனையோ பேர் இட்லியோடு டீயையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். அவர்களிடம் டீயை விடச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்ததும் டீ, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. அல்லது சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணி இடைவேளையில் டீ. சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு கூடுதலாக உடலில் சேரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்குங்கள். உங்கள் வீட்டில் ரத்தசோகை உள்ள பெண் இருந்தால் இன்றைக்கே இதை அவரிடம் சொல்லுங்கள்.